'வாட் டூ யூ டூ?'ன்னு கேட்டவருக்கு முறுக்கு நீட்டின கதை – சிம்பிள் பிரசென்ட் டென்ஸ்

காலேஜ் முடிச்ச புதுசு. வைகை எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ்ல இருந்து மதுரைக்கு போயிட்டு இருந்தேன், எதிர் சீட்ல ஒரு வெள்ளக்காரர், அம்பது வயசுக்கு மேல இருக்கும், விழுப்புரம் தாண்டுற வரைக்கும் ஜன்னலையே பாத்துட்டு வந்த மனுஷன் திடீர்னு என் பக்கம் திரும்பி 'ஸோ, வாட் டூ யூ டூ?'ன்னாரு. என் கைல முறுக்கு பாக்கெட். நான் கொஞ்சமும் யோசிக்காம 'ஐ ஆம் ஈட்டிங் முறுக்கு'ன்னேன். சொன்னதோட விடாம பாக்கெட்ட வேற நீட்டுனேன். அவரு ஒண்ண எடுத்து கடிச்சுகிட்டே சிரிச்சாரு, அப்புறம் மெதுவா 'ஐ மீன், யுவர் ஜாப்'ன்னாரு. திருச்சி வர்ற வரைக்கும் நான் அவர் முகத்த பாக்கல.

அன்னைக்கு நான் அசடு வழிஞ்சதுக்கு காரணம் எனக்கு இங்கிலீஷ் தெரியாதது கூட இல்ல, தமிழ் ரொம்ப நல்லா தெரிஞ்சது தான். நம்மகிட்ட 'என்ன பண்றீங்க?'ங்கற ஒரே கேள்விக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு. போன்ல பிரண்ட் 'என்னடா பண்ற?'ன்னா 'சும்மா தான்டா படுத்திருக்கேன்'னு சொல்லுவோம். அதே கேள்விய கல்யாண வீட்டுல ஒரு பெரியம்மா 'மாப்ள என்ன பண்றாரு?'ன்னு கேட்டா 'பேங்க்ல இருக்காரு'ன்னு பதில் வரும், 'அந்தா பந்தில உக்காந்து பாயசம் குடிக்கிறாரு'ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. எந்த அர்த்தம்னு எடத்த வெச்சு நாமளே புரிஞ்சுக்குவோம். இங்கிலீஷ்காரன் அப்படி விட மாட்டான், ரெண்டுக்கும் தனித்தனியா கேள்வி வெச்சிருக்கான். 'வாட் ஆர் யூ டூயிங்?'ன்னா இந்த நிமிஷம் என்ன பண்ணிகிட்டு இருக்க. 'வாட் டூ யூ டூ?'ன்னா உன் பொழப்பு என்ன. இந்த ரெண்டாவது தான் சிம்பிள் பிரசென்ட்.

பேர்ல 'பிரசென்ட்' இருக்கறதால ஸ்கூல்ல நிகழ்காலம்னு சொல்லி குடுத்துட்டாங்க, நாமளும் நிகழ்காலம்னா 'இப்போ'ன்னு எடுத்துகிட்டோம். வில்லங்கமே அங்க தான் ஆரம்பிக்குது. சிம்பிள் பிரசென்ட்டுக்கு 'இப்போ இந்த நிமிஷம்' பத்தி பெருசா அக்கற கெடையாது. எங்க தெரு முனைல ஒரு ஆட்டோ அண்ணன் இருக்காரு, மத்தியானம் ரெண்டு மணிக்கு வேப்ப மரத்தடில வண்டிய ஓரங்கட்டிட்டு பின் சீட்ல கால வெளிய நீட்டி நல்லா கொறட்ட விட்டு தூங்குவாரு. அப்படி அவரு தூங்கிகிட்டு இருக்கும்போது அவர காட்டி 'ஹி டிரைவ்ஸ் அன் ஆட்டோ'ன்னு சொன்னா அது நூத்துக்கு நூறு சரி, ஏன்னா அவரு தொழில் அது. 'ஹி இஸ் டிரைவிங்'னா பொய். 'ஹி இஸ் ஸ்லீப்பிங்' உண்மை. 'ஹி ஸ்லீப்ஸ் ஹியர்'னு சொன்னா என்னவாகும்? தெனமும் இங்க தான் தூங்குவாருன்னு அர்த்தம், அதுவும் உண்மை தான். ஆக வழக்கம், தொழில், குணம், எப்பவும் மாறாத உண்மை, இதுக்கெல்லாம் தான் சிம்பிள் பிரசென்ட். கண்ணு முன்னால ஓடிகிட்டு இருக்கற விஷயத்துக்கு கன்டின்யுவஸ்.

இத தமிழ வெச்சே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, எனக்கு இது புரிஞ்ச அன்னைக்கு தான் மத்த எல்லாமே புரிஞ்சுச்சு. நாம தமிழ்ல வழக்கத்த எப்படி சொல்றோம்னு கவனிச்சு பாருங்க. 'எங்க தாத்தா காலைல நாலு மணிக்கே எந்திரிப்பாரு.' 'அவ சாயங்காலம் டியூஷன் எடுப்பா.' 'சூரியன் கெழக்க உதிக்கும்.' 'பூன பால் குடிக்கும்.' 'தண்ணி பள்ளத்த பாத்து ஓடும்.' எல்லாமே எந்திரிப்பாரு, எடுப்பா, உதிக்கும், குடிக்கும், ஓடும்னு தான் வருது. இலக்கண புக்க எடுத்தா இதெல்லாம் எதிர்காலம்னு போட்டிருக்கும்! ஆனா தாத்தா நாளைக்கு எந்திரிக்கறத பத்தியா நாம பேசறோம்? எப்பவும் எந்திரிக்கறத பத்தி. இங்கிலீஷ்ல இந்த எடத்துல தான் சிம்பிள் பிரசென்ட் வந்து உக்காரும். 'மை கிராண்ட்ஃபாதர் கெட்ஸ் அப் அட் ஃபோர்.' 'ஷி கிவ்ஸ் டியூஷன் இன் தி ஈவ்னிங்.' 'தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்.' 'கேட்ஸ் ட்ரிங்க் மில்க்.'

நான் இதுக்கு 'உம் டெஸ்ட்'னு பேர் வெச்சிருக்கேன். உங்க மனசுல இருக்கற தமிழ் வாக்கியத்துல 'வழக்கமா' இல்லேன்னா 'எப்பவும்'னு ஒரு வார்த்தைய சொருகி பாருங்க, அப்புறம் வினைச்சொல் 'உம்', 'பாரு', 'வான்', 'ப்பேன்'னு இயல்பா முடியுதான்னு பாருங்க, முடிஞ்சா சிம்பிள் பிரசென்ட். 'கிட்டு இருக்கேன்', 'ட்டு இருக்காரு'ன்னு முடிஞ்சா கன்டின்யுவஸ். 'வழக்கமா' சேராம 'நாளைக்கு' மட்டும் தான் சேருதுன்னா அது நெஜமான எதிர்காலம், அங்க 'வில்' போடலாம். 'அந்த காலத்துல'ன்னு சேந்தா அது பழைய வழக்கம், 'யூஸ்ட் டு'ன்னு ஒண்ணு இருக்கு, அது இங்க வேணாம்.

இது தெரியாததால தான் நம்ம ஊர் இங்கிலீஷ்ல ரெண்டு தப்பு திரும்ப திரும்ப வருது. ஒண்ணு, 'ஐ ஆம் கோயிங் டு ஆபீஸ் டெய்லி பை பஸ்.' தெனமும் பஸ்ல ஆபீஸ் போறேன்ங்கறதுல 'போறேன்' இருக்கே, போறேன்னா 'ஆம் கோயிங்' தானேன்னு போட்டுடறோம். 'ஐ கோ டு தி ஆபீஸ் பை பஸ்', அவ்ளோ தான். ரெண்டாவது, 'மை ஃபாதர் வில் கோ டு டெம்பிள் டெய்லி.' அப்பா தெனமும் கோயிலுக்கு போவாரு, 'போவாரு'ன்னா எதிர்காலம், எதிர்காலம்னா 'வில்'னு மண்டைல ஒரு கணக்கு ஓடுது. இதுவும் 'கோஸ்' தான். வழக்கத்துக்கு 'வில்' போடற பழக்கமும் இங்கிலீஷ்ல ஒரு ஓரமா இருக்கு தான், ஆனா கத்துக்கற நேரத்துல அந்த சந்துக்குள்ள போனீங்கன்னா திரும்பி வர வழி தெரியாது, இப்போதைக்கு 'டெய்லி' வந்தா 'வில்' வேணாம்னு வெச்சுக்கங்க.

ஒரு சின்ன வியப்பு. தொல்காப்பியத்துல வினையியல்னு ஒரு பகுதி, அதுலயே மூணு காலத்துலயும் இருக்கற இயற்கைய நிகழ்காலத்துக்குரிய பொதுச்சொல்லால தான் சொல்லணும்னு இருக்கு, உரைக்காரங்க அதுக்கு குடுக்கற உதாரணம் 'மலை நிற்கும்'. மலை நேத்தும் நின்னுச்சு, இன்னைக்கும் நிக்குது, நாளைக்கும் நிக்கும், ஆனா சொல்றது ஒரே 'நிற்கும்'. இத படிச்சப்ப எனக்கு சிரிப்பு தான் வந்துச்சு, நாம இங்கிலீஷ் புக்க வெச்சுகிட்டு முட்டி மோதற விஷயத்த நம்ம ஆளு எப்பவோ எழுதி வெச்சுட்டு போயிட்டாரு.

சரி, இந்த உம் டெஸ்ட் இன்னொரு எடத்துலயும் வேலை செய்யும், அது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச எடம். இங்கிலீஷ்ல சில வெர்புக்கு ஐஎன்ஜி போடவே கூடாதும்பாங்க, நோ, லைக், வான்ட், நீட், அண்டர்ஸ்டாண்ட், பிலீவ், பிலாங், இப்படி ஒரு லிஸ்ட், மனப்பாடம் பண்ணுன்னு குடுத்துடுவாங்க. மனப்பாடம் எதுக்கு? தமிழ்ல சொல்லி பாருங்க. தெரியும். பிடிக்கும். வேணும். எல்லாம் 'உம்'! 'எனக்கு அவர தெரிஞ்சுகிட்டு இருக்கு'ன்னு யாராச்சும் சொல்லுவாங்களா, 'எனக்கு பிரியாணி பிடிச்சுகிட்டு இருக்கு'ன்னு சொன்னா பக்கத்துல இருக்கறவன் நெத்தில கைய வெச்சு ஜொரம் இருக்கான்னு பாப்பான். அதே மாதிரி தான் 'ஐ ஆம் நோயிங் ஹிம்' அவங்க காதுல கேக்கும். 'ஐ நோ ஹிம்', 'ஐ லைக் பிரியாணி', 'ஐ வான்ட் டீ'. இதெல்லாம் நீங்க செய்யற வேலை இல்ல, உங்களுக்குள்ள இருக்கற நெலம. வேலைக்கு தான் நடந்துகிட்டு இருக்குங்கற பேச்சு.

'ஹேவ்' மட்டும் கொஞ்சம் குறும்பு புடிச்சது. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்'னு நாம சாதாரணமா சொல்றோம், எனக்கு ரெண்டு அண்ணன் 'இருந்துகிட்டு இருக்காங்க'ன்னு சொல்ற மாதிரி அது. 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்' தான் சரி. ஆனா 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்'ங்கறது தப்பில்ல, ஏன்னா அங்க 'ஹேவ்'க்கு இருக்குன்னு அர்த்தம் இல்ல, சாப்பிடறதுன்னு அர்த்தம், சாப்பிடறது வேலை, வேலைன்னா ஐஎன்ஜி வரலாம். 'திங்க்'கும் இதே கதை, 'ஐ திங்க் ஹி இஸ் ரைட்'னா என் கருத்து அது, 'ஐ ஆம் திங்கிங்'னா மோட்டுவளைய பாத்து யோசிச்சுகிட்டு இருக்கேன்.

டெஸ்ட் எல்லா எடத்துலயும் கச்சிதமா பொருந்தும்னு சொல்ல மாட்டேன். 'நம்புறேன்', 'நேசிக்கிறேன்', 'புரியுது' மாதிரி ஆளுங்க 'உம்'ல வராது, ஆனாலும் இங்கிலீஷ்ல 'ஐ பிலீவ்', 'ஐ லவ்', 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' தான். இதுக்கும் கவல வேணாம், உங்களுக்கே ஏற்கனவே மனப்பாடம் ஆயிருக்கு. ஸ்கூல் பிரேயர்ல கைய நீட்டிகிட்டு சொன்ன உறுதிமொழி ஞாபகம் இருக்கா, 'இந்தியா இஸ் மை கன்ட்ரி'ன்னு ஆரம்பிச்சு கொஞ்சம் கழிச்சு என்ன வரும், 'ஐ லவ் மை கன்ட்ரி அண்ட் ஐ ஆம் ப்ரவுட் ஆஃப் இட்ஸ் ரிச் அண்ட் வேரிட் ஹெரிட்டேஜ்'. ஐ லவ். வெயில்ல நின்னுகிட்டு எத்தன நாள் சொல்லியிருக்கோம், ஒரு நாளாச்சும் 'ஐ ஆம் லவிங் மை கன்ட்ரி'ன்னு வாயில வந்துச்சா?

உடனே ஒருத்தர் கைய தூக்குவீங்க, மெக்டொனால்ட்ஸ் போர்டுல 'ஐ ஆம் லவின் இட்'னு இருக்கேன்னு. ஆமா இருக்கு, 2003ல வந்த வாசகம் அது. விளம்பரக்காரங்க வேணும்னே ரூல மீறி தான் எழுதியிருக்காங்க, 'இந்த வாய்ல இப்போ இந்த நொடி ரசிச்சுகிட்டு இருக்கேன்'ங்கற ருசிய காட்டறதுக்காக. அதுல ஒரு வேடிக்க, அந்த விளம்பரம் மொதல்ல ஜெர்மன்ல தான் வந்துச்சு, 'இஷ் லீபெ எஸ்', அதாவது வெறும் 'ஐ லவ் இட்'. ஜெர்மன் பாஷையும் நம்ம 'பண்றேன்' மாதிரி தான், ரெண்டுக்கும் ஒரே உருவம், அதனால மீற ரூலே இல்ல. அந்த மெக்டொனால்ட்ஸ் போர்ட பாத்துட்டு ஆபீஸ் மெயில்ல 'ஐ ஆம் நீடிங் லீவ்'னு எழுதிடாதீங்க.

இனி எஸ். எல்லாரும் பயப்படற எஸ்.

எங்க அக்கா பொண்ணு ஏழாங்கிளாஸ் படிக்கிறா, லீவுக்கு வந்தப்ப கிராமர் நோட்ட தூக்கிட்டு வந்து 'மாமா, ஐ கோ, யூ கோ, வி கோ, தே கோ, எல்லாத்துக்கும் கோ. ஹி, ஷி, இட்டுக்கு மட்டும் ஏன் மாமா கோஸ்?'னு கேட்டா. நல்ல கேள்வி. நான் அவள தமிழ்ல 'போ'வுக்கு எழுத சொன்னேன். நான் போறேன், நீ போற, நீங்க போறீங்க, அவன் போறான், அவ போறா, அவரு போறாரு, அது போகுது, நாங்க போறோம், அவங்க போறாங்க. ஒம்போது வந்துச்சு. 'நீ மூணு வயசுலயே இந்த ஒம்போதும் தப்பில்லாம பேசுன, இங்கிலீஷ்ல ஆக மொத்தம் ரெண்டே ரெண்டு, கோ, கோஸ். இதுக்கா அழற?'ன்னேன். மொறச்சா, ஆனா நோட்ட மூடல.

அவ கேட்டதுக்கு உண்மையான பதில், இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல நம்மள மாதிரி ஆளுக்கு ஒரு வால் இருந்துச்சு, காலப்போக்குல ஒவ்வொண்ணா உதிர்ந்து இந்த ஒரு வால் மட்டும் தங்கிடுச்சு. அதுவும் இதே எஸ்ஸா இல்ல, 1611ல இங்கிலாந்துல வந்த பைபிள் மொழிபெயர்ப்புல 23ம் சங்கீதத்துல 'ஹி மேக்கெத் மி டு லை டவுன்'னு வரும், 'மேக்ஸ்' இல்ல, 'மேக்கெத்'. சர்ச்சுல அந்த பழைய இங்கிலீஷ கேட்டவங்களுக்கு தெரிஞ்சிருக்கும். அந்த 'எத்' போயி எஸ் நின்னுடுச்சு.

நாம இந்த எஸ்ஸ முழுங்கறதுக்கு இன்னொரு காரணம் எனக்கு தோணறது மரியாத. தமிழ்ல ஒரே ஒரு ஆளா இருந்தாலும் பெரியவங்கன்னா பன்மைல பேசுவோம், 'டீச்சர் வராங்க', 'அம்மா சொல்றாங்க'. அந்த 'ங்க' மண்டைல இருக்கறதால 'மை மதர் ஸே', 'அவர் ஹெச்எம் கம்'னு எஸ் இல்லாம வந்துடுது, இன்னும் சில பேர் அம்மாவயே 'தே'ன்னு சொல்லிடுவாங்க. இங்கிலீஷ் வெர்புக்கு மரியாதயே தெரியாது. கலெக்டர் வந்தாலும் கம்ஸ், பக்கத்து வீட்டு பூன வந்தாலும் கம்ஸ். ஒத்த ஆளா, பேசறவரும் இல்லாம கேக்கறவரும் இல்லாம மூணாவது ஆளா, அவ்ளோ தான் அதுக்கு கணக்கு.

பேர் வந்தாலும் இதே தான், 'முருகன் ஒர்க்ஸ்', 'மை பிரண்ட் லிவ்ஸ்', 'தி பஸ் ஸ்டாப்ஸ்'. பிரண்ட்ஸ்னு பன்மையாச்சுன்னா எஸ் அந்த பக்கம் போயிடுச்சு, 'மை பிரண்ட்ஸ் லிவ்'. 'எவ்ரிஒன்' மட்டும் ஏமாத்தும், எல்லாரும்னு அர்த்தம் இருந்தாலும் கிராமர்ல ஒருமை, 'எவ்ரிஒன் நோஸ்'. 'பீப்பிள்' அதுக்கு நேர் எதிர், எஸ் இல்லாமலே பன்மை, 'பீப்பிள் நோ'.

ஸ்பெல்லிங் பெரிய விஷயமில்ல. பெரும்பாலும் வெறும் எஸ். ஓ, எஸ்எஸ், எஸ்எச், சிஎச், எக்ஸ்ல முடிஞ்சா ஈஎஸ், கோஸ், பாசஸ், வாஷஸ், வாட்சஸ், ஃபிக்சஸ். ஒய்ல முடிஞ்சு அதுக்கு முன்னால ஏ ஈ ஐ ஓ யூ இல்லேன்னா ஒய்ய தூக்கிட்டு ஐஈஎஸ், ஸ்டடி ஸ்டடீஸ் ஆகும், ஆனா பிளே வெறும் பிளேஸ் தான். ஹேவ் மட்டும் ஹேஸ். படிக்கும்போது 'ஸே'க்கு எஸ் போட்டா 'செஸ்'னு சுருக்கணும், 'சேஸ்'னு இழுக்க கூடாது, நான் காலேஜ் முடிக்கற வரைக்கும் இழுத்துகிட்டு தான் இருந்தேன்.

இதவிட தொல்ல புடிச்சது டூ, டஸ். தமிழ்ல கேள்வி கேக்கறது எவ்ளோ சுலபம், கடைசில ஒரு 'ஆ' போட்டா போதும், தெரியும், தெரியுமா. இல்லன்னு சொல்ல 'தெரியாது'. வெர்புக்குள்ளயே எல்லாம் முடிஞ்சுடும். இங்கிலீஷ் வெர்பால தனியா இத செய்ய முடியாது, கூட ஒரு எடுபிடி வேணும், அது தான் டூ. 'யூ நோ' கேள்வி ஆகணும்னா 'டூ யூ நோ?', இல்லன்னு ஆகணும்னா 'ஐ டூ நாட் நோ', பேச்சுல 'ஐ டோன்ட் நோ'. இந்த எடத்துல டூவுக்கு 'செய்'னு அர்த்தமே கெடையாது, சும்மா நிக்கும். 'வாட் டூ யூ டூ?'ல ரெண்டு டூ இருக்கே, மொத டூ எடுபிடி, ரெண்டாவது டூ தான் நெஜமான 'செய்'. முறுக்கு சாப்பிட்ட அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா.

ஹி, ஷி, இட் வந்தா எடுபிடி டஸ் ஆயிடும். இப்போ கவனிங்க, எஸ் ஒண்ணே ஒண்ணு தான் இருக்கு, வீட்ல ஒரே ஒரு கொடை இருக்கற மாதிரி. டஸ் வெளிய கெளம்பும்போது அந்த கொடைய எடுத்துகிட்டு போயிடும், அப்புறம் வெர்பு நனஞ்சுகிட்டு தான் வரணும். 'ஹி நோஸ்', ஆனா 'ஹி டஸ் நாட் நோ'. 'ஷி ஒர்க்ஸ் ஹியர்', ஆனா 'டஸ் ஷி ஒர்க் ஹியர்?'. 'டஸ் ஹி நோஸ்?'னு ரெண்டு கொடை புடிக்கறதும் தப்பு, 'ஹி டோன்ட் நோ'ன்னு ரெண்டு பேரும் கொடை இல்லாம போறதும் தப்பு. நாம ரொம்ப பண்ற இன்னொண்ணு எடுபிடியயே மறந்துட்டு கேக்கறது, 'வாட் ஹி வான்ட்ஸ்?', 'வேர் யூ ஸ்டே?'. 'அவனுக்கு என்ன வேணும்', 'நீ எங்க தங்கியிருக்க'ங்கறத அப்படியே வார்த்தைக்கு வார்த்த மாத்துனா இப்படி தான் வரும். 'வாட் டஸ் ஹி வான்ட்?', 'வேர் டூ யூ ஸ்டே?'. ஒரு விதிவிலக்கு, 'யாரு'ங்கறதே சப்ஜெக்ட்டா இருந்தா எடுபிடி வேணாம், 'ஹூ லிவ்ஸ் ஹியர்?' அப்படியே நிக்கும்.

ஆம், இஸ், ஆர் மூணும் இந்த சிம்பிள் பிரசென்ட் குடும்பம் தான், ஆனா வீட்டுக்கு மூத்த மருமக மாதிரி, எடுபிடி எல்லாம் தேவயில்ல, தானே எல்லாத்தயும் பாத்துக்கும். 'ஆர் யூ ரெடி?', 'ஹி இஸ் நாட் ஹியர்'. 'டூ யூ ரெடி?'ன்னு கேக்கறவங்க டூவ இங்கயும் கூட்டிட்டு வந்துடறாங்க. இதுக்கு நேர் எதிரா 'ஐ ஆம் அக்ரீ', 'ஐ ஆம் கோ'ன்னு ஒரு தப்பு இருக்கு, அது ஏன் வருதுன்னு ரொம்ப நாள் யோசிச்சேன். தமிழ்ல 'நான் டீச்சர்', 'அவரு டாக்டர்'னு நடுவுல ஒண்ணுமே இல்லாம சொல்றோம்ல, அந்த 'ஆம்'க்கு தமிழ்ல ஒரு வார்த்த கெடையாது. அதனால 'ஐ ஆம் எ டீச்சர்'னு கேக்கற கொழந்த 'ஐ ஆம்' ரெண்டும் சேந்து தான் 'நான்'னு முடிவு பண்ணிடுது. அப்புறம் நான் வர்ற எடத்துல எல்லாம் 'ஐ ஆம்' ஒட்டிகிட்டு வருது. 'நான்'னா வெறும் 'ஐ'. இத பிரிச்சு பாத்துட்டா பாதி தப்பு போயிடும்.

எவ்ளோ அடிக்கடின்னு சொல்ற ஆல்வேஸ், யூஷுவலி, சம்டைம்ஸ், நெவர் எல்லாம் சிம்பிள் பிரசென்ட்டோட உறவுக்காரங்க. வெர்புக்கு முன்னால நிப்பாட்டுங்க, 'ஐ யூஷுவலி வாக்', ஆம் இஸ் ஆர் வந்தா பின்னால, 'ஹி இஸ் ஆல்வேஸ் லேட்'. சம்டைம்ஸ், யூஷுவலி ரெண்டும் வாக்கியத்துக்கு முன்னாலயும் வந்து நிக்கும். 'நெவர்' வந்தா அதுலயே இல்லங்கறது இருக்கு, திரும்ப 'டோன்ட்' வேணாம், 'ஹி நெவர் ஈட்ஸ் மீட்' போதும். நாம 'அவன் கறி சாப்பிட மாட்டான்'ங்கறத 'ஹி வில் நாட் ஈட் மீட்'னு சொல்றோம் பாருங்க, அது இன்னைக்கு பந்தில கோவிச்சுகிட்டு மாட்டேன்னு சொல்ற மாதிரி கேக்கும். எப்பவுமே சாப்பிட மாட்டான்னா 'ஹி டஸ் நாட் ஈட் மீட்'.

இவ்ளோ நேரம் சிம்பிள் பிரசென்ட்டுக்கு 'இப்போ' பத்தி அக்கற இல்லன்னு சொல்லிட்டு இத சொல்லாம விட்டா ஏமாத்தற மாதிரி ஆயிடும். ஒரு எடத்துல அது சுத்தமா 'இப்போ' தான், கிரிக்கெட் கமெண்ட்ரி. 2011 ஏப்ரல் 2, வான்கடே ஸ்டேடியம், தோனி அந்த சிக்ஸ் அடிச்சப்ப ரவி சாஸ்திரி என்ன சொன்னாரு? 'தோனி ஃபினிஷஸ் ஆஃப் இன் ஸ்டைல்.' இஸ் ஃபினிஷிங் இல்ல, ஃபினிஷஸ். பந்து பேட்ல பட்டு கூட்டத்துக்குள்ள விழறதுக்குள்ள 'தோனி இஸ் ஃபினிஷிங் ஆஃப்'னு இழுத்துகிட்டு இருக்க முடியுமா, டக்குன்னு ஆரம்பிச்சு டக்குன்னு முடியற விஷயத்துக்கு சிம்பிள் பிரசென்ட் தான் வேகம் குடுக்கும். அதே மூச்சுல கொஞ்சம் தள்ளி வந்த வரிய கவனிச்சீங்களா, 'இந்தியா லிஃப்ட் தி வேர்ல்ட் கப் ஆஃப்டர் ட்வென்டி எய்ட் இயர்ஸ்'. லிஃப்ட்ஸ் இல்ல, லிஃப்ட்! இந்தியாங்கறது ஒண்ணு தானே, எஸ் எங்க போச்சு? தப்பு இல்ல, பிரிட்டிஷ் பழக்கத்துல டீம்னா பதினோரு பேர், அதனால பன்மை. நாடுன்னு பேசினா இஸ், டீம்னு பேசினா ஆர். ரெண்டே வாக்கியத்துல எஸ் வர்ற எடம், வராத எடம் ரெண்டுக்கும் உதாரணம் குடுத்துட்டு போயிட்டாரு.

பேப்பர் தலைப்பும் இப்படி தான். 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான் 3 நெலால எறங்குச்சு, மறுநாள் இங்கிலீஷ் பேப்பர் தலைப்பு பாணில எழுதணும்னா 'இந்தியா லேண்ட்ஸ் ஆன் தி மூன்', நேத்து நடந்ததா இருந்தாலும் 'லேண்டட்' இல்ல. தலைப்பு சூடா இருக்கணும், அவ்ளோ தான். தலைப்புக்கு கீழ செய்திக்குள்ள போனீங்கன்னா 'லேண்டட்'னு ஒழுங்கா பாஸ்ட் டென்ஸ்ல இருக்கும்.

டைம்டேபிள் விஷயத்துக்கும் சிம்பிள் பிரசென்ட் வரும், நாளைக்கு நடக்கறதா இருந்தாலும். 'தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்', தமிழ்ல 'ஆறு மணிக்கு கெளம்பும்', பாருங்க திரும்ப நம்ம 'உம்'. இதுல கால் வழுக்கற எடம் வென், இஃப், அன்டில். 'அவரு வந்ததும் சொல்றேன்'ங்கறத 'வென் ஹி வில் கம், ஐ வில் டெல்'னு சொல்லுவோம். இன்னும் வரல, இனிமே தான் வருவாரு, அதனால 'வில்'னு நெனப்பு. இங்கிலீஷ்ல ஒரு 'வில்' போதும், 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்'. தமிழும் அப்படி தானே இருக்கு, 'வந்தா', 'வந்ததும்'னு தான் சொல்றோம், 'வருவாரும்போது'ன்னா சொல்றோம்?

அக்கா பொண்ணுக்கு லீவு முடியறதுக்கு முந்துன நாள் 'உன் வீட்ல ஒருத்தர பத்தி அஞ்சு வரி எழுது, எல்லாம் சிம்பிள் பிரசென்ட்ல'ன்னு சொல்லிட்டு நான் கடைக்கு போயிட்டேன். திரும்பி வந்தா நோட்டு டீவி மேல இருக்கு. 'மை மாமா லிவ்ஸ் இன் மதுரை. ஹி டஸ் நாட் கெட் அப் ஏர்லி. ஹி ஹேஸ் எ பிக் டம்மி. ஹி லைக்ஸ் முறுக்கு. ஹி ஆல்வேஸ் டெல் தி சேம் டிரெயின் ஸ்டோரி.' கடைசி வரிய காட்டி எஸ் எங்கடீன்னேன். 'ஆல்வேஸ்லயே ஒண்ணு இருக்கே மாமா, ஒரு கொடை தானேன்னு சொன்னீங்க?'ன்னா. அந்த எஸ் ஆல்வேஸோட சொந்த எஸ், அத யாருக்கும் கடன் குடுக்காதுன்னு சொல்லி டெல் பக்கத்துல செவப்பு பேனாவால ஒண்ணு போட்டு குடுத்தேன். தொப்ப பத்தின வரில திருத்த ஒண்ணும் இல்ல.